கிடையாக வைத்த தோல்

காளவாசல் சிக்னலைத் தாண்டி, ஒரு டயர் கடைக்கும் ஸ்வீட் ஸ்டாலுக்கும் நடுவே ஏறும் மாடிப்படியின் உச்சியில் அந்தப் பரிசோதனைக்கூடம் இருந்தது. மதுரையிலும் சுற்றுவட்டாரத்திலும் டாக்டர்கள் நோயாளிகளின் உடம்பிலிருந்து வெட்டியெடுக்கும் சிறு துண்டுகள், கெடாமலிருக்க மருந்து ஊற்றிய டப்பாக்களில் மிதந்தபடி அங்கே வந்து சேரும். அவற்றை மெழுகில் பதித்து, இழையிழையாகச் சீவி, கண்ணாடித் தகட்டில் ஒட்டி, சாயமேற்றி, டாக்டர் ரோகிணியின் மைக்ரோஸ்கோப்புக்கு அடியில் கொண்டுபோய் வைப்பது மாயக்காளின் வேலை. பதினேழு வருடமாக அதைத்தான் செய்துவந்தாள்.

பிளஸ் டூவோடு படிப்பை விட்டவள். பாட்டில் கழுவத்தான் முதலில் வந்தாள். பக்கத்தில் நின்று பார்த்தே தொழிலைக் கற்றுக்கொண்டாள். ஈரல், குடல், கர்ப்பப்பை என்று எது வந்தாலும் கை தயங்காது. ஆனால் அவளுக்குப் பிடித்தது தோல்தான். ஓய்வான மத்தியானங்களில் டாக்டர் சாப்பிடப் போன நேரம் பார்த்து, தான் செய்த தோல் ஸ்லைடை மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் பார்ப்பாள். உச்சியில் செத்துப்போன செல்கள் தகடு தகடாகக் கிடக்கும். அதற்குக் கீழே கருநீலப் பொடி தூவியதுபோல் ஓர் அடுக்கு. அதற்கும் கீழே ஒன்றையொன்று முட்களால் பிடித்துக்கொண்டு நிற்கும் செல்கள். எல்லாவற்றுக்கும் அடியில் ஒரே ஒரு வரிசை. மேலே இருப்பவை அத்தனையும் அங்கே பிறந்து, ஒரு மாதம் போல மேலேறி, உச்சிக்கு வந்து சாகின்றன என்று டாக்டர் ஒருமுறை சொல்லியிருந்தார். தோலுக்கு நிறம் தருகிற செல்களும் அந்த வரிசைக்குள்தான் ஆங்காங்கே உட்கார்ந்திருக்கும். பிறகு அலை அலையாக ஒரு கோடு. கோட்டைத் தாண்டினால் ரோஸ் நிற நார்கள், வியர்வைச் சுரப்பிகளின் சுருள்கள், மயிர்க்கால்கள், கடைசியில் வெற்று வட்டங்களாகக் கொழுப்பு.

இதெல்லாம் ஒரே பார்வையில் தெரியவேண்டுமானால், தோல் துண்டை மெழுகில் நிற்கவைக்கவேண்டும். கேக்கை மேலிருந்து கீழாக வெட்டினால்தான் எத்தனை அடுக்கு என்று தெரியும். படுக்கவைத்துச் சீவினால் ஏதோ ஓர் அடுக்கு மட்டும்தான் கிடைக்கும். இந்தச் சின்ன விஷயத்தில் மாயக்காள் தவறியதே இல்லை.

சபிஹா வந்தது தை மாதத்தில். காஜிமார் தெருப் பெண், இருபத்தைந்து வயது. லேப் படிப்பைக் கல்லூரியில் முறையாகப் படித்து, கோயம்புத்தூரில் ஒரு வருடம் வேலை பார்த்துவிட்டு, அத்தாவுக்கு உடம்பு முடியாததால் ஊருக்கே திரும்பியிருந்தாள். முதல் நாளே சீவும் இயந்திரத்தின் முன் உட்கார்ந்து சக்கரத்தைச் சுற்றினாள். கத்தியிலிருந்து மெழுகு நாடா ஒரு சுருக்கமும் இல்லாமல் நீண்டு வந்தது. அதை வெந்நீர்த் தொட்டியில் மிதக்கவிட்டு, கண்ணாடித் தகட்டால் அப்படியே அள்ளி எடுத்தாள். ஒரு மடிப்பு இல்லை, ஒரு குமிழி இல்லை.

அன்று சாயங்காலம் டாக்டர் ரோகிணி மைக்ரோஸ்கோப்பிலிருந்து தலையைத் தூக்காமலே கேட்டார். "இத யாரு வெட்டுனது?"

"சபிஹா மேடம்," என்றாள் மாயக்காள்.

"என்னா சுத்தம்! நானே இப்படிப் பாத்து வருசக்கணக்காச்சு."

வருசக்கணக்காகப் பார்க்கவில்லை என்றால், அந்த வருசங்களில் வெட்டியது யார்? மாயக்காள் ஸ்லைடுத் தட்டை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

அதற்குப் பிறகு ஒவ்வொன்றும் அவளுக்குக் குத்தியது. அவசரமான கேஸ் வந்தால் டாக்டர் "சபிஹாட்ட குடு" என்பார். பசுமலைக் கல்லூரியிலிருந்து மாணவிகள் பார்க்க வந்தபோது, விளக்கிச் சொன்னது சபிஹா. சபிஹா வெட்டிய தலைத்தோல் ஸ்லைடு ஒன்றைப் போட்டோ எடுத்து, சென்னையில் நடந்த டாக்டர்கள் கூட்டத்தில் டாக்டர் காட்டினார். படத்துக்கு அடியில் சபிஹா பெயரும் இருந்தது. அந்தத் துண்டை மெழுகில் நிற்கவைத்தது மாயக்காள். அதை யாரும் கேட்கவில்லை.

அவளும் சும்மா இருக்கவில்லை. புதுக் கத்திகள் வந்தால் எடுத்துத் தன் டிராயருக்குள் போட்டுக்கொள்வாள். எலும்புத் துண்டுகள் சீவுவதற்குக் கடினம். அவற்றையெல்லாம் சபிஹா பக்கம் தள்ளினாள். சபிஹா அவற்றையும் முகம் சுளிக்காமல் செய்து முடித்தாள். "தேங்க்ஸ்க்கா, எலும்பு வேலை கத்துக்கணும்னு ரொம்ப நாளா நெனச்சேன்," என்று வேறு சொன்னாள்.

வீட்டில் சாப்பிட உட்கார்ந்தால் அதே பேச்சுதான். ஒருநாள் அவள் கணவன் முத்துப்பாண்டி சிரித்துவிட்டான். "நாலு மாசமா நம்ம வீட்ல மூணாவது ஆளா அந்தப் பிள்ளையும் உக்காந்து சாப்புடுது. பேசாம ஒரு தட்டையும் எடுத்து வச்சிரு."

மாயக்காளுக்குச் சிரிப்பு வரவில்லை. "பதினேழு வருசம் நின்னு காலு வீங்குனது ஒனக்குத் தெரியும். அவுகளுக்குத் தெரியலயே," என்றாள்.

ஆடி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, ஆரப்பாளையத்துத் தோல் டாக்டர் ஒருவரிடமிருந்து டப்பா ஒன்று வந்தது. கருத்தக்கண்ணன், வயது ஐம்பத்தெட்டு, இடது குதிகாலில் கறுப்புத் திட்டு, ஆறு மாதமாகப் பெரிதாகிறது என்று சீட்டில் எழுதியிருந்தது. மருந்துக்குள் கிடந்தது மிளகைவிடச் சற்றுப் பெரிய துண்டு. வழக்கமாக டாக்டர் ரோகிணி தோல் துண்டின் அடிப்பக்கத்தில் ஒரு பொட்டு மை வைத்துக் கொடுப்பார், தலைகீழாகிவிடாமல் இருக்க. அன்று அவர் விருதுநகரில் ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பும் அவசரத்தில் இருந்தார். மை வைக்கவில்லை.

மறுநாள் காலை, துண்டுகளை மெழுகில் பதிக்கும் மேசையில் சபிஹா இருந்தாள். உருக்கிய மெழுகு அச்சில் ஊற்றியிருந்தது. இடுக்கியால் துண்டைப் பிடித்து உள்ளே இறக்கியவள், கழுத்தைத் திருப்பிக் கூப்பிட்டாள்.

"அக்கா, ஒரு நிமிசம் இங்க பாருங்களேன். பாதத்துத் தோலு இதுக்கு முன்னாடி நான் வச்சதில்ல. எது மேல்பக்கம்னே தெரியல. இது சரியா நிக்குதா?"

மாயக்காள் குனிந்து பார்த்தாள். பார்த்ததுமே தெரிந்துவிட்டது. பாதத் தோலில் செத்த அடுக்கு மிகவும் தடிமன். மருந்தில் ஊறியபின் அதுவும் வெளுத்திருக்கும், அடியில் இருக்கும் நாரும் வெளுத்திருக்கும். கறுப்பு நடுவில் சிக்கியிருப்பதால் கண்ணுக்கு இரண்டு பக்கமும் ஒன்று. இடுக்கியால் லேசாக அழுத்தினால், செத்த பக்கம் நகம்போல் நிற்கும், மறுபக்கம் பஞ்சுபோல் அமுங்கும். அது கைக்கு மட்டும் தெரிகிற சங்கதி. எந்தப் படிப்பிலும் சொல்லித்தர மாட்டார்கள். சபிஹா வைத்திருந்த துண்டு நிற்கவில்லை. நன்றாகப் படுத்துக் கிடந்தது.

மெழுகு ஓரத்தில் உறையத் தொடங்கியிருந்தது. "சொல்லுங்கக்கா," என்றாள் சபிஹா.

"சரியாத்தான் இருக்கு. மூடு," என்றாள் மாயக்காள்.

சபிஹா நிம்மதியாகத் தலையாட்டி, மேலே மெழுகை ஊற்றினாள்.

மாயக்காள் தன் இடத்துக்கு வந்து உட்கார்ந்தாள். என்ன ஆகிவிடும்? டாக்டர் ஸ்லைடைப் பார்ப்பார், ஒரு வார்த்தை திட்டுவார், மெழுகை உருக்கித் திருப்பி வைக்கச் சொல்வார். பத்து நிமிட வேலை. ஒரே ஒரு தடவை அந்தப் பெண் தலைகுனிந்து நிற்பதைப் பார்க்கவேண்டும், அவ்வளவுதான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

மெழுகுக் கட்டி உறைந்ததும் சபிஹா அதை இயந்திரத்தில் பொருத்திச் சீவ ஆரம்பித்தாள். முதலில் வெறும் செத்த அடுக்குதான் வந்தது. கீழே போனால் மற்ற அடுக்குகள் வருமென்று நினைத்து இன்னும் சீவினாள். சக்கரம் சுற்றும் சத்தம் நிற்கவே இல்லை. சாய மேசையில் நின்றிருந்த மாயக்காள் அதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். ஒவ்வொரு சுற்றுக்கும் துண்டு கரைகிறது என்று அவளுக்குத் தெரியும். "நிறுத்து" என்ற ஒரு சொல் வாய்வரை வந்தது. சாயத் தொட்டியின் மூடியைத் திறந்து மூடினாள். சொல்லவில்லை.

மத்தியானம் டாக்டர் ரோகிணி இருவரையும் உள்ளே கூப்பிட்டார். அவர் முகம் மாறியிருந்தது.

"இந்தக் குதிகால் பீஸ யாரு வச்சது?"

"நாந்தான் மேடம்," என்றாள் சபிஹா.

"கிடையா வச்சிருக்கம்மா. நிறம் தர்ற செல்லு கூடியிருக்கு, உருவமும் சரியில்ல. கேன்சரோன்னு பயமா இருக்கு. அது கோட்டுக்கு மேலயே நிக்குதா, கோட்டத் தாண்டிக் கீழ எறங்கிருச்சா, எறங்குனா எம்புட்டு தூரம்? அத வச்சுத்தான் அந்த மனுசனுக்கு என்ன வைத்தியம்னு முடிவாகும். இதுல கோடே இல்லயே! மிச்சம் இருக்கா?"

"இல்ல மேடம். கீழ வரும்னு வெட்டிட்டே போயிட்டேன். ஒன்னும் மிச்சமில்ல."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "மறுபடி அந்தக் காலைக் கிழிக்கணும். நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு அந்த டாக்டர்ட்டச் சொல்லுவேன்? இனிமே தோலு பக்கம் நீ வராத. மாயக்கா பாத்துக்கட்டும்."

சபிஹா சரி என்றாள். மாயக்காள் பக்கம் அவள் திரும்பவே இல்லை.

மாயக்காளுக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. அன்று சாயங்காலம் பஸ்ஸில் உட்கார்ந்திருந்த அரைமணி நேரம் மனது இனிக்கத்தான் செய்தது. அதை அவள் பின்னாளில் ஒருபோதும் மறுக்கவில்லை. வீட்டுக்கு வந்து உலை வைக்கும்போதுதான், அந்தப் பெண் ஏன் தன் பெயரைச் சொல்லவில்லை என்ற கேள்வி வந்தது.

இரண்டு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, மொட்டைமாடியில் தனியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்த சபிஹாவிடம் போய்க் கேட்டாள்.

"நான் சரின்னு சொன்னத ஏன் மேடத்துட்டச் சொல்லல?"

சபிஹா டிபன் பாக்ஸை மூடினாள். "நீங்க அவசரத்துல பாத்திருப்பீங்கக்கா. தெரிஞ்சா சொல்லாம இருந்திருப்பீங்க? வச்சது நானு. உங்க பேரும் எதுக்குக் கெடணும்?"

மாயக்காளுக்கு அப்போது வந்தது வருத்தம் இல்லை, ஆத்திரம்தான். இதிலும் இவள்தான் மேலா? ஒரு பொய்யாவது சொல்லியிருக்கலாம், பழியை என்மேல் தூக்கிப் போட்டிருக்கலாம், அப்படிச் செய்திருந்தால் கணக்கு நேராகியிருக்குமே என்று உள்ளுக்குள் கொதித்தாள்.

அதற்குள் இன்னொரு செய்தி வந்தது. கருத்தக்கண்ணன் மறுபடி துண்டு எடுக்க வர மறுத்துவிட்டார். ஆரப்பாளையத்து டாக்டர் மூன்று தடவை போன் செய்துவிட்டார். நாலாவது தடவை கருத்தக்கண்ணன் போனை எடுக்கவே இல்லை. ஒரு வாரம் போனது, இரண்டு வாரம் போனது. டாக்டர் ரோகிணி தினமும் காலையில் வந்ததும் "அந்தக் குதிகால்காரர் வந்தாரா?" என்று கேட்பார். இல்லை என்றதும் உள்ளே போய்விடுவார். மாயக்காளுக்கு அந்தக் கோடுதான் கண்ணிலேயே நின்றது. கோட்டுக்குக் கீழே ரத்தக்குழாய் இருக்கிறது. அந்தச் செல் அங்கே எட்டிவிட்டால் பிறகு அது உடம்பெல்லாம் போகும். இரண்டு அடுக்குக்கு நடுவே இருக்கிற தூரம் எவ்வளவு குறைவு என்று அவளைப்போல் பார்த்தவர்கள் யார்?

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை காலை, சீட்டில் இருந்த முகவரியை எழுதிக்கொண்டு ஆரப்பாளையத்தில் உசிலம்பட்டி பஸ் ஏறினாள். செக்கானூரணி தாண்டி இறங்கி விசாரித்தாள். கருத்தக்கண்ணன் மல்லிகைத் தோட்டத்தில் வெறுங்காலோடு மடை திருப்பிக்கொண்டிருந்தார். குதிகாலில் ஒரு துணி சுற்றியிருந்தது. வரப்பில் அவர் மனைவி சீனியம்மாள் பூக்கூடையோடு உட்கார்ந்திருந்தாள்.

மாயக்காள் தான் எங்கிருந்து வருகிறாள் என்று சொன்னதும் கருத்தக்கண்ணன் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றார்.

"நான்தான் வரலேன்னு சொல்லிட்டேனேம்மா. ஒருதரம் வெட்டுனாக. ஒன்னும் தெரியலைன்னு சொன்னாக. மறுபடி வெட்டணுங்குறாக. வெட்ட வெட்டக் காசு பாக்குற சோலியா இது?"

"அப்படி இல்லண்ணே. ஒங்க தோல எங்க லேப்புல கெடுத்துட்டோம். அதான் தெரியல."

"கெடுத்துட்டீகளா? யாரு கெடுத்தது?" என்று கேட்டது சீனியம்மாள்.

மாயக்காள் வரப்பில் உட்கார்ந்துவிட்டாள். வீட்டிலிருந்து கிளம்பும்போது அவள் அதைச் சொல்ல நினைத்திருக்கவில்லை.

"நாந்தான். கூட வேலை செய்யிற பிள்ளை, சரியா வச்சிருக்கேனான்னு கேட்டுச்சு. தப்புன்னு தெரிஞ்சே சரின்னு சொன்னேன். அந்தப் பிள்ளை மேல எனக்குப் பொறாமை. அது கெட்ட பேரு வாங்கணும்னு நெனச்சேன். ஒங்க காலு அதுக்குள்ள இருக்குன்னு நெனக்கல."

சீனியம்மாள் சடாரென்று எழுந்தாள். "நீயெல்லாம் ஒரு பொம்பளையா? ஒங்க ரெண்டு பேரு சண்டைக்கு என் புருசன் உசுருதானா கெடச்சது?"

அவள் திட்டியதையெல்லாம் மாயக்காள் தலைகுனிந்து கேட்டுக்கொண்டாள். கருத்தக்கண்ணன்தான் கடைசியில் மனைவியைக் கையமர்த்தினார். மண்வெட்டியால் மடையை அடைத்துவிட்டுத் திரும்பினார்.

"சரி, இப்ப இத இம்புட்டு தூரம் பஸ்ஸேறி வந்து சொல்றியே. எதுக்கு?"

"அந்தக் கறுப்பு உள்ள எறங்குறதுக்கு முன்னாடி வெட்டிட்டா ஒன்னுமில்லண்ணே. எறங்கிருச்சுன்னா ஆபத்து. நாள் போயிட்டிருக்கு. நீங்க வாங்க. என்னைய என்ன வேணாலும் சொல்லுங்க, வந்துட்டுச் சொல்லுங்க."

"முள்ளு குத்துனதுன்னு நெனச்சேன்," என்று முனகினார் அவர். பிறகு மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு, "நாளைக்கு வாரேன்," என்றார்.

திங்கட்கிழமை காலை, டாக்டர் வந்ததும் மாயக்காள் சபிஹாவையும் அழைத்துக்கொண்டு உள்ளே போனாள். தோட்டத்தில் சொன்னதையே மறுபடியும் சொன்னாள். இந்த முறை அது இன்னும் கடினமாக இருந்தது. சக்கரச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு சும்மா நின்றதையும் விடாமல் சொன்னாள்.

டாக்டர் ரோகிணி அவளையே பார்த்தார். "பதினேழு வருசம், மாயக்கா," என்றார். வேறு எதுவும் திட்டவில்லை. "இனி நீ பீஸத் தொட வேணாம். வாசல்ல உக்காந்து டப்பாவப் பதிவு பண்ணு. அப்புறம் பாப்போம்," என்றார்.

சபிஹா அழுதுகொண்டிருந்தாள். வெளியே வந்ததும் மாயக்காள் அவள் கையைப் பிடிக்கப் போனாள். சபிஹா கையை இழுத்துக்கொண்டாள்.

"எங்க அத்தா கேட்டாரு, ஏம்மா அந்தத் தப்பு வந்துச்சுன்னு. எங்கக்கா பாத்துச் சொல்லியும் வந்துருச்சு, அப்ப கஷ்டமான பீஸாத்தான் இருக்கும்னு சொன்னேன். உங்கள அம்புட்டு நம்புனேன்." அவ்வளவு சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

கருத்தக்கண்ணன் சொன்னபடி ஆரப்பாளையத்து டாக்டரிடம் வந்தார். புதுத் துண்டு சாயங்காலமே லேப்புக்கு வந்தது. இம்முறை டாக்டர் மை வைத்தார். மறுநாள் மெழுகு மேசையில் சபிஹா இடுக்கியை எடுத்துவிட்டு, வாசல் மேசையைப் பார்த்து நின்றாள். டாக்டர் தலையசைத்தார். மாயக்காள் எழுந்து போனாள், துண்டைத் தொடவில்லை.

"இடுக்கியால லேசா அமுக்கு. நகம் மாதிரி இருக்கா? அதான் மேல்பக்கம். இப்ப மறுபக்கம் அமுக்கு."

"பஞ்சு மாதிரி இருக்கு," என்றாள் சபிஹா.

"ரெண்டும் பக்கவாட்டுல தெரியிற மாதிரி நிறுத்து. அப்படியே பிடி. மெழுகு பிடிக்கிற வரைக்கும் விடாத."

அதற்குப் பிறகு சபிஹா சீவினாள். ஸ்லைடைப் பார்த்து டாக்டர் ரோகிணி வெகுநேரம் அளந்தார். புற்றுதான். கோட்டைத் தாண்டியிருந்தது, ஆனால் கொஞ்சம்தான், அரை மில்லிமீட்டர்கூட இல்லை. பெரிய ஆஸ்பத்திரியில் குதிகாலில் அந்த இடத்தைச் சுற்றி அகலமாக வெட்டியெடுத்து, தொடையிலிருந்து தோலெடுத்து ஒட்டினார்கள். வேறெங்கும் பரவவில்லை என்று ஸ்கேன் சொன்னது. மூன்று வாரத் தாமதத்தில் அது எவ்வளவு இறங்கியிருக்கும் என்று மாயக்காள் ஒருநாள் டாக்டரிடம் கேட்டாள். "அது எனக்குத் தெரியாது. ஒனக்கும் தெரியப் போறதில்ல," என்றார் டாக்டர்.

ஐப்பசியில் கருத்தக்கண்ணன் கம்பு ஊன்றிக்கொண்டு, காலில் செருப்போடு, மனைவியுடன் மாடியேறி வந்தார். சீனியம்மாள் கையில் ஒரு பை நிறைய மல்லிகை. டாக்டர் அவர்களை உட்காரவைத்து, மைக்ரோஸ்கோப்பில் அந்த ஸ்லைடை வைத்துக் காட்டினார்.

"இதா என் தோலு? இம்புட்டு அடுக்கா இருக்கு!" என்று கருத்தக்கண்ணன் வியந்தார்.

"சபிஹா வெட்டுனது. இவ்வளவு சுத்தமா வெட்டுனதாலதான் அளந்து சொல்ல முடிஞ்சது," என்றார் டாக்டர்.

சீனியம்மாள் பையைப் பிரித்து, சபிஹாவின் இரு கைகளும் நிறையப் பூவை அள்ளிப் போட்டாள். "நல்லாருப்ப தாயி," என்று கன்னத்தைத் தடவினாள். திரும்பிப் போகும்போது வாசல் மேசையில் இருந்த மாயக்காளை அவள் பார்க்கவில்லை. கருத்தக்கண்ணன் மட்டும் ஒரு நொடி நின்று, "வாரேம்மா," என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

மாயக்காளின் நெஞ்சுக்குள் பழைய இடத்தில் அதே வலி சுருக்கென்றது. நிற்கவைக்கச் சொல்லிக்கொடுத்தது நான்தானே என்ற எண்ணம் வந்தே விட்டது. இவ்வளவு நடந்தும் இது போகவில்லையே என்று அவளுக்குத் தன்மேலேயே அசிங்கமாக இருந்தது. போகாது போலிருக்கிறது, இதை வைத்துக்கொண்டுதான் இருக்கவேண்டும் என்று நினைத்தாள்.

அப்போது திருமங்கலத்திலிருந்து வந்த டப்பா ஒன்று மேசையில் இருந்தது. திறந்து பார்த்தாள். உதட்டோரத்துத் தோல். மருந்து போதாமல் துண்டு ஓரத்தில் சுருண்டிருந்தது. புது மருந்து ஊற்றி மூடினாள்.

"சபிஹா," என்று உள்ளே பார்த்துக் கூப்பிட்டாள். "இது சுருண்டு கெடக்கு. வேற மருந்து ஊத்திருக்கேன். நாளைக்கு வரைக்கும் ஊறட்டும், இன்னைக்கு எடுத்துறாத."

உள்ளே சக்கரம் சுற்றும் சத்தம் நின்றது.

"சரி," என்றாள் சபிஹா.

மாயக்காள் நோட்டில் தேதியையும் நேரத்தையும் எழுதிவிட்டு, அடுத்த டப்பாவை எடுத்தாள்.